உள்ளே வைத்த கம்பி எவ்வளவு தாங்கும்?

சென்ற இதழில் முதியோர் கீழே விழுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன: இடுப்பு முறிவுக்கு அறுவை செய்து உள்ளே வைத்த உலோகம் தாங்குமா, நகருமா, உடையுமா? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். நாம் இடுப்பு முறிவு என்று சொல்வது பெரும்பாலும் இடுப்பெலும்பின் முறிவு அன்று. தொடை எலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவு. அந்த முனையில் பந்து போன்ற தலையும், அதைத் தாங்கும் சாய்ந்த கழுத்தும், கழுத்துக்குக் கீழே தசைகள் வந்து பற்றிக்கொள்ளும் டிரோகான்டர் என்னும் இரண்டு மேடுகளும் இருக்கின்றன. கழுத்தில் முறிவதும் மேடுகளுக்கு இடையே முறிவதும் ஒரே பெயரில் பேசப்பட்டாலும், அவற்றின் இயந்திரவியல் வேறு, வைத்தியமும் வேறு.

கேள்வி: எழுபத்து நான்கு வயதான என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் டிரோகான்டர் பகுதி முறிந்து, பிளேட்டும் ஒரு பெரிய ஸ்குரூவும் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், அந்த ஸ்குரூ வெளிப்பக்கமாக ஏழெட்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். காலும் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பொருத்தியது கழன்று வருகிறதா? — மதுரை வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், கழலவில்லை, செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது. உங்கள் தாயாருக்கு வைத்திருப்பது நகரும் ஸ்குரூ. அதன் முனையிலுள்ள மரை எலும்பின் தலைக்குள் கடித்துப் பிடித்திருக்கும். மரையில்லாத வழவழப்பான தண்டு, தொடையின் வெளிப்பக்கம் பொருத்திய பிளேட்டிலிருந்து பெரும்பாலும் 135 பாகைக் கோணத்தில் கிளம்பும் ஒரு குழலுக்குள் செருகியிருக்கும். குழலுக்குள் தண்டு முன்னும் பின்னும் வழுக்கலாம்; ஆனால் சுழல முடியாதபடி அதன் பக்கங்கள் தட்டையாக்கப்பட்டிருக்கும்.

ஏன் இப்படி வேண்டுமென்றே நகரவிட வேண்டும் என்பதற்குப் பின்னால், பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு வரலாறு உண்டு. பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் 1925-இல் மூன்று இறகு கொண்ட ஆணியை எலும்பின் கழுத்துக்குள் செலுத்தத் தொடங்கினார். பிறகு 1941-இல் ஜூயட் ஆணியையும் பிளேட்டையும் அசையாத ஒரே துண்டாக ஆக்கினார். அசையாமல் இருந்தால் நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் முறிந்த எலும்பின் விளிம்புகள் முதல் சில வாரங்களில் சில மில்லிமீட்டர் கரைந்து குறுகும். உலோகம் விறைத்து நின்றால் இரண்டு எலும்பு முனைகளும் ஒன்றையொன்று தொட முடியாமல் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த நேரத்திலிருந்து நோயாளியின் எடை முழுவதையும் உலோகம் தனியாகச் சுமக்கிறது. விளைவு இரண்டில் ஒன்று: ஆணியின் முனை தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் போகும், அல்லது ஆணியும் பிளேட்டும் சேரும் கோணத்தில் முறியும். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் போல் 1951-இல் நகரும் ஸ்குரூவுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கிளாசன் 1964-இல் இந்த முறையில் பெற்ற அனுபவத்தை வெளியிட்டார். ஸ்குரூ வழுக்க வழுக்க எலும்பு எலும்பின்மேல் அமர்கிறது. அமர்ந்தபின் சுமையின் பெரும்பகுதியை எலும்பே ஏற்றுக்கொள்கிறது. நகர்வதால்தான் உறுதி கிடைக்கிறது என்பது கேட்க முரணாக இருந்தாலும், இந்தத் துறையில் கடந்த முக்கால் நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் நகர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. 15 மில்லிமீட்டரைத் தாண்டி நகர்ந்தால் மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். எலும்பு இன்னும் உட்காரவில்லை, அல்லது பிளேட்டுக்கு அடியிலுள்ள வெளிச்சுவர் உடைந்து தொடை உட்புறமாகச் சரிகிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். அடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்குரூவின் பின்முனை குழலுக்கு வெளியே நீட்டியிருப்பது ஒன்று. அது நகர்வின் அளவு. முன்முனை, தலைக்குள் முன்பிருந்த அதே இடத்தில் இருக்கிறதா, மேல்நோக்கி ஏறியிருக்கிறதா என்பது மற்றொன்று. பின்முனை நீட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் படுக்கும்போது உறுத்தலாம், அவ்வளவே. முன்முனை ஏறினால்தான் ஆபத்து. கால் ஒரு சென்டிமீட்டருக்குள் குட்டையானால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நடையில் தெரிந்தால் செருப்பின் குதிகாலை உயர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே முறிவு வந்தபோது, எடை கட்டித் தொங்கவிட்டு மூன்று மாதம் படுக்க வைத்தார்கள். இப்போது என் மாமியாருக்கு அறுவை முடிந்த மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்கச் சொல்கிறார்கள். பச்சைப் புண்ணோடு இருக்கும் எலும்பும் புதிதாக வைத்த கம்பியும் அந்தப் பாரத்தைத் தாங்குமா? — திருச்சி வாசகி

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்றுக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று கொள்வோம். நிற்கும் காலைத் தவிர்த்த உடல், ஏறத்தாழ ஐம்பது கிலோ, இடுப்பு மூட்டின் மேல் இருக்கிறது. ஆனால் அந்த எடை மூட்டுக்கு நேர் மேலே இல்லை. சுமார் பத்து சென்டிமீட்டர் உட்புறமாக, உடலின் நடுவில் இருக்கிறது. அது உடலைச் சாய்த்துவிடாமல் மறுபக்கம் இழுத்துப் பிடிப்பது புட்டத்தின் பக்கவாட்டுத் தசை. அதற்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆகவே அது நூறு கிலோ அளவுக்கு இழுத்தால்தான் உடல் நிமிர்ந்து நிற்கும். ஐம்பதும் நூறும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ மூட்டின்மேல் இறங்குகிறது. பெர்லினில் பெர்க்மன் குழுவினர், அளவிடும் கருவி பொதிந்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்கள் நடக்கும்போது நேரடியாக அளந்து பார்த்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கிடைத்தது. ஏட்டுக் கணக்கு பெரிதாகத் தவறவில்லை. தடுமாறிச் சமாளித்த தருணங்களில் அது எட்டு மடங்கையும் தாண்டியது.

இவ்வளவு சுமை என்றால் படுக்க வைப்பதுதானே பாதுகாப்பு என்று கேட்பீர்கள். படுக்கையும் நாம் நினைப்பதுபோல் ஓய்வான இடம் அன்று. மலத்தட்டு வைப்பதற்காக இடுப்பைத் தூக்கும்போதும், குதிகாலை ஊன்றிப் படுக்கையில் மேலே நகரும்போதும் அதே தசைகள்தான் இழுக்கின்றன. அப்போது மூட்டில் ஏறும் விசை, வாக்கரைப் பிடித்து மெதுவாக நிற்கும்போது ஏறுவதற்கு ஒன்றும் இளைத்தது அன்று. படுத்தே இருப்பதால் உலோகத்துக்குக் கிடைக்கும் ஓய்வு சொற்பம். நுரையீரலில் சளி கட்டுவதும், முதுகில் புண் வருவதும், காலின் இரத்தக் குழாயில் கட்டி உறைவதும் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதியவரிடம் “பாதி எடைதான் ஊன்ற வேண்டும்” என்று சொல்வது பயனற்ற அறிவுரை. பாதி எது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் காலைத் தூக்கிப் பிடிக்கக் கைகளில் வலு இருக்காது. வலி தாங்கும் அளவுக்கு ஊன்றச் சொன்னால் அவர்களே முதல் வாரங்களில் குறைவாக ஊன்றி, எலும்பு கூடக்கூட அளவை ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது நடையை அளந்து செய்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. எனவே உங்கள் மாமியாரை நிற்கச் சொன்னவர் துணிச்சலால் சொல்லவில்லை. முறிவு நன்றாகப் பொருந்தி, உலோகம் சரியான இடத்தில் அமர்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்கிறார்.

கேள்வி: “ஸ்குரூ தலையை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது, மறுபடியும் அறுவை செய்ய வேண்டும்” என்று என் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு மெலிந்திருந்ததுதான் காரணம் என்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா? — நாகர்கோவில் வாசகர்

பதில்: மெலிந்த எலும்பு ஒரு காரணம்தான், ஆனால் அது ஒன்றே காரணம் என்று முடித்துவிட முடியாது. முருங்கை மரத்தில் ஆணி அடித்தால் நிற்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதே முருங்கையிலும் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் அடித்தோம் என்பதைப் பொறுத்துப் பிடிப்பு மாறும் அல்லவா? அமெரிக்க மருத்துவர் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளவோடு சொன்னது. எக்ஸ்ரேயில் ஸ்குரூ முனைக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை நேர்ப்படத்தில் ஒரு முறையும் பக்கவாட்டுப் படத்தில் ஒரு முறையும் அளந்து, படத்தின் உருப்பெருக்கத்தைக் கழித்துவிட்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். நேர்ப்படத்தில் 9, பக்கவாட்டில் 11 என்றால் கூட்டுத்தொகை 20 மில்லிமீட்டர். அவர்கள் பார்த்த 198 முறிவுகளில் 16-இல் ஸ்குரூ தலையை வெட்டிக்கொண்டு வந்திருந்தது. கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த 120 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி நேரவில்லை.

இருபத்தைந்து என்பது மந்திர எண் அன்று. அதன் பின்னால் இருக்கும் காரணம் எளிது. எலும்பின் தலைக்குள் அடர்த்தி எங்கும் ஒரே மாதிரி இல்லை; மூட்டின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவில், எலும்பு இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில்தான் அது கெட்டியாக இருக்கிறது. ஸ்குரூ நடுவாகவும் ஆழமாகவும் போனால் அந்தக் கெட்டியான பகுதியைப் பிடிக்கும். மேலோ முன்னோ ஒதுங்கினால் பொசுபொசுவென்ற பகுதியில் நிற்கும். அது மட்டுமின்றி, தலை அந்த ஸ்குரூவை அச்சாக வைத்துச் சுழலவும் தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் சிறிதாகச் சுழன்று சுழன்று, துளை பெரிதாகி, கடைசியில் முனை மேலே வெளிப்படும்.

எலும்பின் தரத்தை முன்கூட்டியே மதிப்பிட நம் நாட்டு மருத்துவர்களே ஒரு வழி கண்டார்கள். சிங், நாக்ரத், மைனி ஆகிய மூவரும் 1970-இல், தொடை எலும்பின் மேல்முனையிலுள்ள இழைகள் எக்ஸ்ரேயில் எந்த வரிசையில் மறைகின்றன என்பதை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். எல்லா இழைக் கற்றைகளும் தெரிந்தால் ஆறு. முதன்மையான கற்றையும் மங்கிவிட்டால் ஒன்று. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மதிப்பெண் மாறுகிறது என்ற குறை இதற்கு உண்டு என்றாலும், எளிய எக்ஸ்ரே ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது என்பதால் “சிங் குறியீடு” என்ற பெயரில் உலகெங்கும் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

காஃபர் என்ற அறுவை மருத்துவர் 1980-இல் எழுதியது இன்றும் எங்களுக்கு அடிப்படைப் பாடம். பொருத்தியதன் உறுதியை ஐந்து விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார் அவர்: எலும்பின் தரம், துண்டுகளின் வடிவம், அவற்றைச் சேர்த்துவைத்த செம்மை, உலோகத்தின் வடிவமைப்பு, அதை வைத்த இடம். முதல் இரண்டும் நோயாளி கொண்டுவருபவை; மற்ற மூன்றும் மருத்துவரின் கையில் இருப்பவை. உங்கள் அண்ணனின் படங்களை நான் பார்க்கவில்லை, ஆகவே யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறு அறுவைக்கு முன் முதல் அறுவை முடிந்த அன்று எடுத்த இரண்டு படங்களையும் கேட்டு வாங்குங்கள். நேர்ப்படம் மட்டும் போதாது, பக்கவாட்டுப் படமும் வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவருக்கு அவை உதவும்.

கேள்வி: பிளேட் வைப்பதா, உள்ளே ராடு வைப்பதா என்று மருத்துவர் எங்களிடமே கேட்கிறார். ராடு விலை அதிகம். விலை கூடியதுதான் உறுதியானதா? ஸ்டீலைவிட டைட்டானியம் வலுவானதா? — கோவை வாசகர்

பதில்: நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப்பாருங்கள். பிளேட், எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. சுமை இறங்கும் கோட்டிலிருந்து விலகி நிற்பதால் அதை வளைக்கும் விசை கூடுதல். நெயில் என்றும் ராடு என்றும் சொல்லப்படுவது எலும்பின் மச்சைக் குழிக்குள், சுமைக் கோட்டுக்கு அருகில் நிற்கிறது. அது மட்டுமன்று; எலும்பின் வெளிச்சுவர் உடைந்திருந்தாலும் உள்ளே நிற்கும் நெயிலே சுவர்போல இருந்து, தலைப்பகுதி அளவு மீறி வெளியே சரிவதைத் தடுக்கிறது.

இதைக் கேட்டதும் நெயிலே எல்லோருக்கும் நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம். உட்புறக் கீழ்மூலை உடையாமல் இரண்டே துண்டாக முறிந்த எலும்பில், துண்டுகளைச் சேர்த்தால் எலும்பே எலும்பைத் தாங்கும். அங்கே பிளேட்டுக்கு அதிக வேலை இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சிறிய டிரோகான்டர் வரையிலான முறிவுகளுக்கு நகரும் ஸ்குரூவோடு கூடிய பிளேட்டையே முதலில் சொன்னது. அதற்குக் கீழே இறங்கும் முறிவுகளுக்கு நெயிலைச் சொன்னது. விலை குறைவு என்பதற்காகப் பிளேட்டைத் தாழ்வாக நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். எனக்கு அது உடன்பாடில்லை.

ஆனால் ஒரு வகை முறிவில் பிளேட்டை நான் வைக்கவே மாட்டேன். வழக்கமாக முறிவுக் கோடு பெரிய மேட்டிலிருந்து உட்புறம் கீழே இறங்கும். சிலருக்கு அது தலைகீழாக, உட்புறம் மேலிருந்து வெளிப்புறம் கீழே ஓடுகிறது. அங்கே ஸ்குரூ வழுக்கும் திசையும் முறிவுக் கோடும் ஏறத்தாழ இணையாகிவிடுவதால், நகர நகர எலும்பு சேர்வதற்குப் பதில் விலகுகிறது. நான் முதல் பதிலில் புகழ்ந்த அதே நகர்வு இங்கே எதிரியாகிவிடுகிறது. மேயோ கிளினிக்கிலிருந்து 2001-இல் வெளியான ஆய்வில் இத்தகைய முறிவுக்கு நகரும் ஸ்குரூ வைக்கப்பட்ட 16 பேரில் 9 பேருக்குத் தோல்வி. ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது “எது விலை உயர்ந்தது” என்பதன்று. “என் முறிவு நிலையானதா, நிலையற்றதா, வெளிச்சுவர் முழுதாக இருக்கிறதா” என்பது. அந்த விடையிலேயே பிளேட்டா ராடா என்பதும் வந்துவிடும். அதை உங்களிடம் விட்டுவிடுவது முறையன்று என்றும் சொல்லிவிடுகிறேன்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. விறைப்பு வேறு, வலு வேறு. விறைப்பைச் சொல்லும் அளவான மீள்மைக் குணகம், மருத்துவ ஸ்டீலுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல். டைட்டானியக் கலவையுடையது சுமார் 110. கெட்டியான எலும்பினுடையது 20-க்குள். அதாவது டைட்டானியம் எலும்போடு சேர்ந்து சற்று வளைந்து கொடுக்கும். நல்ல குணம்தான், ஆனால் அதன் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் விரிசல் தொடங்கும் பலவீனம் அதற்கு உண்டு. இரண்டில் எதுவும் மற்றதைக் காட்டிலும் எல்லா வகையிலும் உயர்ந்ததில்லை. தடிமன் இவற்றைவிட முக்கியம்: உருளையான தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 10 மில்லிமீட்டர் நெயிலுக்குப் பதில் 11 மில்லிமீட்டர் வைத்தால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆனால் விறைப்பைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது; 1980-களின் இறுதியில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்த காமா நெயிலின் முதல் வடிவங்களில், நெயில் முடியும் இடத்தில் தொடை எலும்பே முறிந்த நிகழ்வுகள் ஏராளம். பிறகு வடிவத்தை மாற்றினார்கள்.

கேள்வி: என் கணவருக்கு வைத்த ராடு எட்டாவது மாதத்தில் இரண்டாக உடைந்துவிட்டது. விழவும் இல்லை, கனமான எதையும் தூக்கவும் இல்லை. போலி உலோகத்தை வைத்துவிட்டார்களா? — சேலம் வாசகி

பதில்: உங்கள் ஐயம் இயல்பானது, ஆனால் பெரும்பாலும் விடை வேறு. என் மேசை இழுப்பறையில், நோயாளியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட உடைந்த நெயில் ஒன்று இருக்கிறது. கழுத்துக்குள் போகும் ஸ்குரூவுக்காக நெயிலில் இட்ட துளை இருக்கிறதல்லவா, சரியாக அங்கேதான் உடைந்திருக்கிறது. நெயிலில் உலோகம் மிகக் குறைவாக இருப்பதும், விசை மிகுதியாக இறங்குவதும் அந்த இடத்தில்தான். உடைந்த முகத்தைக் கைக்கண்ணாடியால் பார்த்தால், துளையின் ஒரு விளிம்பிலிருந்து கிளம்பி, கடல் அலை மணலில் விட்டுப்போன வரிகளைப்போல வளைவளைவாகக் கோடுகள் விரிந்து செல்கின்றன. கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது. அதுதான் ஒரே நொடியில் முறிந்த பகுதி. மற்றதெல்லாம் பல மாதங்களாக மெல்ல மெல்லப் பிளந்தது. கம்பியைக் கையால் ஒரு முறை வளைத்தால் உடையாது, திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும் என்பது போன்ற சோர்வு இது.

உங்கள் கணவர் ஒரு நாளில் மூவாயிரம் அடிதான் எடுத்து வைத்தார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மூன்று மாதத்தில் 1,35,000 முறை. எட்டு மாதத்தில் 3,60,000 முறை. எலும்பு மூன்று நான்கு மாதத்தில் கூடிவிட்டால் அதற்குப் பிறகு உலோகத்துக்கு வரும் பங்கு குறைந்துவிடும். எத்தனை இலட்சம் அடி நடந்தாலும் கவலையில்லை. எலும்பு கூடவில்லை என்றால் ஒவ்வொரு அடியும் அந்தத் துளையின் விளிம்பில் ஏறும். எந்த நிறுவனம் செய்த எந்த நெயிலும் வாழ்நாள் முழுவதும் ஒருவரைத் தனியாகச் சுமப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. எலும்பு கூடுகிறவரை நேரம் வாங்கிக் கொடுப்பதற்காகவே செய்யப்படுகிறது.

ஆகவே எட்டாவது மாதத்தில் உடைந்தது என்பது, எட்டு மாதமாகியும் எலும்பு கூடவில்லை என்பதற்கான அடையாளம். ஏன் கூடவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்: துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடப்பட்டதா, கழுத்து உட்புறமாகச் சரிந்த கோணத்தில் பொருத்தப்பட்டதா, முறிவு டிரோகான்டருக்குக் கீழே வரை இறங்கியிருந்ததா, புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இருக்கிறதா, உள்ளே கிருமித் தொற்று ஒளிந்திருக்கிறதா, அல்லது எலும்பு மெலிவுக்காகப் பல ஆண்டுகள் சில மருந்துகளை எடுத்தாரா. துளையிடும் கருவி நெயிலின் விளிம்பில் உரசிக் கீறியிருந்தாலும் அதன் ஆயுள் குறையும், அதுவும் நடப்பதுண்டு. உடைந்த துண்டுகளை எடுக்கும்போது அவற்றை எறிந்துவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தின் மீதே ஐயம் இருந்தால், அந்த உடைந்த முகத்தைப் பார்க்கும் உலோகவியலாளர் சொல்லிவிடுவார். உடைந்ததை எடுத்து அதே அளவில் இன்னொன்றை வைப்பது மட்டும் தீர்வாகாது. எலும்பு கூடுவதற்கான வழியும் சேர்த்துச் செய்யப்பட வேண்டும்.

கேள்வி: இருவருக்கும் கழுத்து முறிவுதான். எழுபத்தெட்டு வயது அப்பாவுக்குப் பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். நாற்பது வயது சித்தப்பா மகனுக்கு மூன்று ஸ்குரூ மட்டும் போட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு? — புதுச்சேரி வாசகர்

பதில்: டிரோகான்டர் பகுதிக்கு இரத்த ஓட்டம் நிறைய உண்டு, அங்கே எலும்பு கூடும், சரியான நிலையில் கூடவேண்டும் என்பதுதான் பிரச்சினை. கழுத்தில் நிலைமை நேர்மாறு. தலைக்குப் போகும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை கிழியலாம். தலை இரத்தமின்றிச் செத்துப்போகலாம். எழுபத்தெட்டு வயதில், கூடுமா கூடாதா என்று ஓர் ஆண்டு காத்திருந்து பிறகு மீண்டும் அறுவைக்குப் போவதைவிட, முதலிலேயே பந்தை மாற்றி மறுநாள் நடக்கவிடுவது மேல். நாற்பது வயதில் சொந்த எலும்பைக் காப்பாற்ற முயல்வது மேல். செயற்கை மூட்டுக்குத் தேய்மானம் உண்டு.

ஸ்குரூவால் பொருத்தும்போது முறிவுக் கோட்டின் சாய்வு பெரிதும் கணக்கில் வரும். ஜெர்மனியின் பவ்வெல்ஸ் 1935-இலேயே இதைச் சொல்லிவிட்டார்: கோடு படுத்தவாறு, கிடைமட்டத்துக்கு 30 பாகைக்குள் இருந்தால் உடல் எடை இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தும், 50 பாகைக்கு மேல் செங்குத்தாக நிமிர்ந்தால் அதே எடை ஒன்றை மற்றதன்மீது சறுக்கிவிடும். இளைஞர்கள் பைக்கிலிருந்து விழும்போது வருவது பெரும்பாலும் இந்தச் செங்குத்து வகை. மூன்று ஸ்குரூக்களையும் தலைகீழ் முக்கோணமாக, ஒன்று கீழே இரண்டு மேலே, கழுத்தின் ஓரச்சுவரை ஒட்டியவாறு வைப்பதற்குக் காரணம், நடுவில் ஒன்றுமில்லாத பஞ்சுபோன்ற பகுதியைவிட ஓரச்சுவர் தாங்கும் என்பதே. பல நாடுகளில் 1,108 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஃபெய்த் ஆய்வில், மூன்று நான்கு ஸ்குரூக்கள் போட்டவர்களுக்கும் நகரும் ஸ்குரூவோடு பிளேட் வைத்தவர்களுக்கும் மறு அறுவை தேவைப்பட்டது ஏறத்தாழ ஒரே அளவு: முறையே 22 விழுக்காடும் 20 விழுக்காடும். ஐந்தில் ஒருவருக்கு மறு அறுவை என்பதைக் கவனியுங்கள். உங்கள் சித்தப்பா மகன் வலி இல்லையென்றாலும் இரண்டு ஆண்டுகளுக்குப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எலும்பு கூடியபின் ராடை எடுத்துவிட வேண்டுமா? — விழுப்புரம் வாசகர்

பதில்: முதியவர்களுக்கு, தொல்லை தராதவரை எடுக்க வேண்டாம். எடுத்தபின் கழுத்துக்குள் ஸ்குரூ இருந்த இடம் வெற்றுச் சுரங்கமாக நிற்கும். அதன் வழியே கழுத்து முறிந்தவர்கள் உண்டு.

கேள்வி: கட்டுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துச் சரிசெய்ய முடியாதா? — திருத்தணி வாசகர்

பதில்: முன்கையைச் சுற்றித் தப்பை கட்டினால் அது எலும்பின் இரு முனைகளுக்கும் அப்பால் பிடித்துக்கொள்ளும். தொடையின் மேல்முனைக்கு அப்பால் இருப்பது இடுப்பு. அங்கே கட்டு நிற்க இடமில்லை. நான் மேலே சொன்ன நூறு கிலோ இழுப்புடைய தசைகளை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் அடக்க முடியாது. ஆகவேதான் கட்டுப் போட்டுக் கூடும் டிரோகான்டர் முறிவும் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நிலையிலேயே கூடுகிறது.

கேள்வி: வலது இடுப்பில் அறுவை. கைத்தடியை வலது கையில் பிடிப்பதா, இடது கையிலா? அம்மா வலது கையில்தான் பிடிப்பேன் என்று அடம்பிடிக்கிறார். — தஞ்சாவூர் வாசகி

பதில்: இடது கையில். பெரும்பாலானோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். இயல்பாகத் தோன்றுவது அதுதான். ஆனால் வலது மூட்டிலிருந்து இடது கைத்தடி ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி ஊன்றுகிறது. நெம்புகோல் நீளம் அவ்வளவு இருப்பதால், தடியில் ஐந்து கிலோ அழுத்தினாலே அந்த நூறு கிலோத் தசை இழுப்பு ஏட்டுக் கணக்கில் பாதியாகக் குறைகிறது. நடைமுறையில் அவ்வளவு குறைவதில்லை என்றாலும், மூட்டுக்கும் உள்ளே இருக்கும் ஸ்குரூவுக்கும் வரும் சுமை தெரியுமளவுக்கு இறங்கும். இடது கையில் தடி, வலது கால், இரண்டும் ஒன்றாக முன்னே. பிறகு இடது கால். நடைக்கூடத்தில் நான்கு நாள் பழக்கினால் அடம் தீர்ந்துவிடும். தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கட்டும். அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.